கச்சான் காற்று தெரியும்... காக்பிட் கேள்விக்குப் பதில் தெரியுமா?

தூத்துக்குடியிலிருந்து திருநெல்வேலி போகும் பஸ் வாகைக்குளத்தைத் தாண்டும்போது, ஜன்னலோரச் சீட்டில் இருக்கும் பிள்ளைகளின் கண் தானாகவே விமான நிலையத்தின் பக்கம் திரும்பும். ஏதாவது இறங்குதா, ஏறுதா என்று பார்ப்பதில் ஒரு சந்தோஷம்.

பல வருடங்களாக அவர்கள் அங்கே பார்த்ததெல்லாம் இரண்டு ப்ரொப்பெல்லர் வைத்த சின்ன விமானங்களைத்தான். ஓடுபாதையின் நீளம் 1,350 மீட்டர்தான் என்பதால் பெரிய ஜெட் விமானங்கள் வர முடியவில்லை. சென்னைக்கும் பெங்களூருக்கும் பறந்த இண்டிகோவின் ஏ.டி.ஆர். ரக விமானம்தான் இந்த ஊருக்குப் பழக்கமான முகம். 2025 ஜூலை 26 அன்று, சுமார் 450 கோடி ரூபாய் செலவில் விரிவாக்கப்பட்ட விமான நிலையத்தைப் பிரதமர் திறந்து வைத்தார். ஓடுபாதை இப்போது 3,115 மீட்டர்.

ஓடுபாதை நீண்டுவிட்டது. ஆனால், பஸ் ஜன்னலிலிருந்து விமானத்தின் முன்சீட்டுக்குப் போகும் பாதை? அது இன்னும் குறுகலாகத்தான் இருக்கிறது. அந்தப் பாதையில் பலர் சறுக்கும் இடம், படிப்பெல்லாம் முடிந்த பிறகு வரும் நேர்காணல்.

கடன் முதலில், வேலை பிறகு

பிளஸ் டூ-வில் இயற்பியலும் கணிதமும் படித்திருக்க வேண்டும். 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். முதல் வகுப்பு மருத்துவத் தகுதி வேண்டும். டி.ஜி.சி.ஏ. நடத்தும் தாள்களில் ஒவ்வொன்றிலும் 70 சதவிகிதம் எடுக்க வேண்டும். 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். இவ்வளவும் இருந்தால் சி.பி.எல். எனப்படும் வணிக விமானி உரிமம் கிடைக்கும்.

இதற்கான செலவு அரைக் கோடி ரூபாயைச் சுலபமாகத் தாண்டும். குறிப்பிட்ட ஒரு ரக விமானத்தை ஓட்டுவதற்கான ‘டைப் ரேட்டிங்’ பயிற்சிக்குத் தனியாகப் பல லட்சம். பெரும்பாலான வீடுகளில் இது வீட்டுப் பத்திரம், அம்மாவின் நகை, வங்கிக் கடன் எல்லாம் சேர்ந்த தொகை. உரிமம் கையில் வந்தாலும் சம்பளம் வராது. விமான நிறுவனம் தேர்ந்தெடுத்தால்தான் வரும். அதனால்தான் அரை மணி நேர நேர்காணல் ஒரு குடும்பத்தின் பத்து வருடத்தைத் தீர்மானிக்கும் விஷயமாகிவிடுகிறது.

புதிதாக உரிமம் வாங்கியவர்களுக்குப் பிராந்திய விமான நிறுவனங்கள் ஒரு முக்கியமான வாசல். அலையன்ஸ் ஏர், 2024-ல் கோவாவிலிருந்து பறக்கத் தொடங்கிய ஃப்ளை91 போன்றவை ஏ.டி.ஆர். விமானங்களை வைத்திருக்கின்றன. ஸ்டார் ஏர், எம்ப்ரேயர் ரகச் சிறிய ஜெட்களை ஓட்டுகிறது. ஒரே நாளில் பல தரையிறக்கங்கள், சின்ன ஓடுபாதைகள், மாறும் வானிலை என்று இங்கே கிடைக்கும் அனுபவம் கெட்டியானது. ஆகவே கேள்விகளும் கெட்டியாகத்தான் இருக்கும்.

எத்தனை படிகள்?

நிறுவனத்துக்கு நிறுவனம் வரிசை மாறும். பொதுவாக, முதலில் சான்றிதழ் சரிபார்ப்பு. பிறகு எழுத்துத் தேர்வு. கூடவே கம்ப்யூட்டரில் நடக்கும் திறன் தேர்வும் மனநிலைத் தேர்வும். சில இடங்களில் குழு விவாதம். அதன்பின் தொழில்நுட்ப நேர்காணலும் ஹெச்.ஆர். நேர்காணலும். கடைசியாக சிமுலேட்டர்.

இதில் எல்லோரும் பயப்படுவது தொழில்நுட்ப நேர்காணலுக்குத்தான். கேள்வி-பதில் தொகுப்புகளை வாங்கி மனப்பாடம் செய்கிறார்கள். அங்கேதான் சிக்கல். மனப்பாடம் முதல் கேள்விக்குக் கைகொடுக்கும். மேஜைக்கு அந்தப் பக்கம் இருக்கும் சீனியர் கேப்டன் “ஏன்?” என்று இரண்டாவதாக ஒன்று கேட்டால் கை விரித்துவிடும்.

வாகைக்குளமே பாடப்புத்தகம்

இதைப் புரிந்துகொள்ளத் தூத்துக்குடியையே எடுத்துக்கொள்ளலாம்.

இந்த ஓடுபாதையின் இரண்டு முனைகளுக்கும் 10, 28 என்று பெயர். 10 என்றால் காந்தத் திசையில் 100 டிகிரி, அதாவது ஏறக்குறைய கிழக்கு. 28 என்றால் 280 டிகிரி, ஏறக்குறைய மேற்கு. விமானம் எப்போதும் எதிர்காற்றில் ஏறவும் இறங்கவும்தான் விரும்பும்.

முத்துக்குளித்துறைக் கடற்கரையில் பிறந்த பிள்ளைக்குக் காற்றின் பெயரை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மேற்கிலிருந்து வந்தால் கச்சான். கிழக்கிலிருந்து வந்தால் கொண்டல். வடக்கென்றால் வாடை, தெற்கென்றால் சோழகம். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் செங்கோட்டை, ஆரல்வாய்மொழி கணவாய்கள் வழியாகப் பாய்ந்து வரும் காற்றுதான் கயத்தாறு காற்றாலைகளைச் சுற்றவைக்கிறது. கச்சான் அடிக்கும்போது விமானம் மேற்கு நோக்கி, 28-ல் இறங்கும். கொண்டல் அடித்தால் கிழக்கு நோக்கி, 10-ல் இறங்கும்.

நேர்காணலில் வரும் கேள்வி இப்படி இருக்கலாம்: “ஓடுபாதை 28. காற்று 250 டிகிரியிலிருந்து 20 நாட் வேகம். பக்கக்காற்று எவ்வளவு?”

ஓடுபாதைக்கும் காற்றுக்கும் இடையிலான கோணம் 30 டிகிரி. 30 டிகிரியின் சைன் மதிப்பு அரை. ஆக, பக்கக்காற்று 10 நாட். கால்குலேட்டர் இல்லாமலே சொல்லிவிடலாம். எதிர்காற்று சுமார் 17 நாட். இங்கே அடுத்த கேள்வி விழும்: “அந்த 250 டிகிரி காந்த வடக்கை வைத்தா, உண்மையான வடக்கை வைத்தா?” கட்டுப்பாட்டுக் கோபுரம் வானொலியில் சொல்வது காந்தத் திசை. மெட்டார் எனப்படும் எழுத்து வானிலை அறிக்கையில் இருப்பது உண்மை வடக்கு. வித்தியாசம் தெரிந்தவர், பாடத்தைப் புரிந்து படித்தவர்.

இன்னொரு கேள்வி: “ஓடுபாதை 1,350 மீட்டர். மே மாத மத்தியானம். வெப்பநிலை 38 டிகிரி. விமானம் ஃபுல். என்ன செய்வீர்கள்?”

ஏ.டி.ஆர். 72-600, முழு எடையில் புறப்பட சுமார் 1,300 மீட்டர் வேண்டும். ஆனால், அது கடல் மட்டத்தில் 15 டிகிரி வெப்பநிலைக்கான கணக்கு. சூடு கூடினால் காற்றின் அடர்த்தி குறையும். இறக்கைக்குத் தூக்குவிசை குறையும், என்ஜினுக்கு மூச்சு வாங்கும். 15-க்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 120 அடி உயரத்தைக் கூட்டிக்கொள்ளலாம் என்பது விமானிகளின் கைக்கணக்கு. 23 டிகிரி கூடுதல் என்றால் சுமார் 2,760 அடி. தூத்துக்குடியில் நிற்கும் விமானம், கிட்டத்தட்ட பெங்களூரு உயரத்தில் நிற்பதுபோல நடந்துகொள்ளும்!

“அப்போ கிளம்ப மாட்டேன் சார்” என்று சொல்லிவிட்டால் போதாது. “கிளம்பிடலாம் சார்” என்பதும் பதில் இல்லை. செயல்திறன் அட்டவணையைப் பார்ப்பேன், அன்றைய எதிர்காற்றைக் கணக்கில் எடுப்பேன், தேவைப்பட்டால் எடையைக் குறைக்கச் சொல்வேன், கேப்டனுடன் பேசி முடிவெடுப்போம் என்று படிப்படியாகச் சொல்ல வேண்டும். அந்த வரிசையைத்தான் எதிரே இருப்பவர் காதுகொடுத்துக் கேட்பார்.

ஓட்டப்போகும் விமானத்தைப் பற்றிய அடிப்படையும் தெரிந்திருக்க வேண்டும். உதாரணத்துக்கு ஒன்று. பெரிய ஜெட்களின் வாலில் தரையில் மின்சாரம் கொடுக்க ஒரு குட்டி என்ஜின் இருக்கும். ஏ.டி.ஆரில் அது கிடையாது. பதிலாக வலது என்ஜினை ஓடவிட்டு, அதன் ப்ரொப்பெல்லரை மட்டும் பிரேக் போட்டு நிறுத்திவைப்பார்கள். இதற்குப் பெயர் ‘ஹோட்டல் மோடு’. அடுத்த முறை ஏ.டி.ஆரில் ஏறும்போது, ப்ரொப்பெல்லர் நின்றிருக்க என்ஜின் சத்தம் மட்டும் கேட்டால் பயப்பட வேண்டாம்.

ஏன் இவ்வளவு கறார்?

2015 பிப்ரவரி 4. தைவான் தலைநகர் தைபேயிலிருந்து டிரான்ஸ்ஏசியா நிறுவனத்தின் ஏ.டி.ஆர். 72-600 விமானம் 58 பேருடன் புறப்பட்டது. சில நொடிகளில் வலது பக்க என்ஜினின் உந்துவிசை போனது. இடது என்ஜின் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. அந்த ஒற்றை என்ஜினை வைத்துத் திரும்பி வந்து இறங்கியிருக்க முடியும். ஆனால் பதற்றத்தில், நன்றாக ஓடிய இடது என்ஜின் அணைக்கப்பட்டது. தவறு புரிந்தபோது நேரம் இல்லை. விமானம் ஆற்றில் விழுந்தது. 43 பேர் இறந்தார்கள். ஒற்றை என்ஜினில் பறக்கும் பயிற்சியில் அந்த கேப்டன் ஏற்கெனவே தடுமாறியிருந்தார் என்பது விசாரணையில் தெரியவந்தது.

2023 ஜனவரி 15. நேபாளத்தின் பொக்காராவில் எட்டி ஏர்லைன்ஸின் ஏ.டி.ஆர். 72 விமானம் தரையிறங்குவதற்கு முன் விழுந்தது. 72 பேரும் இறந்தார்கள். இறக்கையின் ஃப்ளாப்பை மாற்றும் லீவருக்குப் பதிலாக, ப்ரொப்பெல்லர்களின் விசையைத் துண்டிக்கும் லீவர்கள் தவறுதலாக நகர்த்தப்பட்டதுதான் காரணம் என்று விசாரணை அறிக்கை சொன்னது.

இரண்டு விபத்திலும் விமானிகளுக்குப் பாடம் தெரியாமல் இல்லை. தெரிந்ததை அந்த நொடியில் வரிசையாகச் செய்யவும், ஒருவர் செய்வதை மற்றவர் சரிபார்க்கவும் முடியாமல் போனது. நேர்காணல் மேஜையில் கேள்வி மேல் கேள்வி கேட்டு நெருக்குவது இதற்காகத்தான். நெருக்கும்போது இந்தப் பிள்ளை நிதானமாக யோசிக்கிறதா, வாய்க்கு வந்ததைச் சொல்கிறதா? நாளைக்குப் பின்னால் எழுபது பேர் உட்கார்ந்திருப்பார்கள்.

“தெரியவில்லை சார், எந்தப் புத்தகத்தில் பார்க்க வேண்டும் என்று தெரியும்” என்பது கௌரவமான பதில். அடித்துவிட்ட பதில், ஆளையே கீழே தள்ளிவிடும்.

கயிறு பிடிப்பவர் யார்?

தூத்துக்குடியில் அரசு நடத்திய கடைசி முத்துக்குளிப்பு 1961-ல் நடந்தது. கல்லைக் கட்டிக்கொண்டு கடலுக்கு அடியில் போகிறவரின் உயிர், மேலே தோணியில் கயிறு பிடித்து நிற்பவரின் கையில். கயிற்றில் ஒரு அசைவு தெரிந்தால் உடனே மேலே இழுக்க வேண்டும். கவனம் சிதறினால் முடிந்தது கதை. அதனால்தான், கயிறு பிடிக்க மைத்துனரை நிறுத்துவார்கள் என்று சொல்வதுண்டு. தன் அக்கா தங்கையின் தாலிக்காகவாவது கண்ணை எடுக்காமல் நிற்பார் இல்லையா!

காக்பிட்டிலும் அதே கதைதான். ஒருவர் ஓட்டுவார், மற்றவர் கண்காணிப்பார். புதிதாகச் சேரும் கோ-பைலட் பாதி நேரம் கயிறு பிடிப்பவர். ஆகவே ஹெச்.ஆர். சுற்றில் நிச்சயம் வரும் கேள்வி: “கேப்டன் தவறு செய்கிறார். அவருக்கு இருபது வருட அனுபவம். நீங்கள் சேர்ந்து ஒரு மாதம். என்ன செய்வீர்கள்?”

பெரியவர்களை எதிர்த்துப் பேசாதே என்று வளர்க்கப்பட்ட பிள்ளைகள் இங்கே தடுமாறுகிறார்கள். மரியாதையும் வேண்டும், வாயும் திறக்க வேண்டும். முதலில் கவனித்ததைச் சொல்ல வேண்டும்: “சார், வேகம் குறையுது.” பதில் இல்லையென்றால் என்ன செய்யலாம் என்று சொல்ல வேண்டும். அதற்கும் அசையவில்லை, ஆபத்து நெருங்குகிறது என்றால், நிறுவனத்தின் விதிமுறைப்படி கட்டுப்பாட்டைக் கையில் எடுக்க வேண்டும். இந்தப் படிகளை வீட்டில் வாய்விட்டுச் சொல்லிப் பழகுவது நல்லது.

லாக்புக் பொய் சொல்லக் கூடாது

பறந்த ஒவ்வொரு மணி நேரமும் லாக்புக்கில் இருக்கும். நேர்காணல் செய்பவர் அதைப் புரட்டி, ஏதோ ஒரு பக்கத்தில் விரல் வைத்து, “இந்த நாள் எங்கே போனீர்கள்? வானிலை எப்படி இருந்தது?” என்று கேட்பது வழக்கம். உண்மையாகப் பறந்தவருக்கு அந்த நாள் ஞாபகம் வரும். 2011-ல் போலி மதிப்பெண் சான்றிதழ் கொடுத்து உரிமம் வாங்கிய விமானிகள் சிலர் கைதானபோது நாடே அதிர்ந்தது. அதன் பிறகு சரிபார்ப்பு சும்மா சடங்காக நடப்பதில்லை.

ஒரு தாளில் தோற்று மறுபடி எழுதினீர்களா? சொல்லிவிடலாம். முதல் தனிப்பறத்தல் தாமதமானதா? அதையும் சொல்லலாம். “பயிற்சியில் நீங்கள் செய்த பெரிய தவறு எது?” என்ற கேள்விக்கு “எதுவும் இல்லை” என்பதைப் போல மோசமான பதில் வேறில்லை. தவறு என்ன, எப்படிக் கவனித்தோம், அதன் பிறகு எதை மாற்றிக்கொண்டோம் என்ற மூன்றையும் சொன்னால் போதும்.

சிமுலேட்டரிலும் இதே கணக்குதான். தெரியாத விமானத்தை முதல் நாளே அழகாக ஓட்டிவிட வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. உயரம் 100 அடி தள்ளிப்போனால் கவனித்துத் திருத்துகிறாரா? சொல்லிக்கொடுத்ததை இரண்டாவது முறை சரியாகச் செய்கிறாரா? அவ்வளவுதான். அவசரநிலை கொடுத்தால், முதலில் விமானத்தைப் பறக்கவிட வேண்டும், அடுத்து வழியைப் பார்க்க வேண்டும், அதன் பிறகுதான் வானொலியில் பேச வேண்டும்.

தமிழ் மீடியம் பிள்ளைகளுக்கு...

ஆங்கிலம்தான் பலருக்குப் பெரிய பயம். சர்வதேச விதிப்படி விமானிக்குத் தேவை, ஆறு நிலைகளில் நான்காம் நிலை ஆங்கிலம். நுனிநாக்கு உச்சரிப்பை அது கேட்பதில்லை. சொல்வது அடுத்தவருக்குத் தெளிவாகப் புரிய வேண்டும், கேட்டது புரியாவிட்டால் திரும்பக் கேட்கத் தெரிய வேண்டும். தினமும் பத்து நிமிடம் ஒரு பாடத்தை ஆங்கிலத்தில் சத்தமாக விளக்கி, போனில் பதிவு செய்து கேட்டுப் பார்த்தால் ஆறு மாதத்தில் நாக்கு பழகிவிடும்.

பெண் பிள்ளைகளுக்கு ஒரு தகவல். பிரேம் மாத்தூர் 1947-ல் விமானி உரிமத்தோடு வேலை தேடியபோது, பெண் என்பதால் எட்டு நிறுவனங்கள் கதவைச் சாத்தின. ஹைதராபாத்தைச் சேர்ந்த டெக்கான் ஏர்வேஸ் என்ற பிராந்திய நிறுவனம்தான் நேர்காணலுக்கு அழைத்து வேலை கொடுத்தது. 1949-ல் அவர் தேசிய விமானப் பந்தயத்திலேயே வென்றார். இன்று இந்திய விமானிகளில் சுமார் 15 சதவிகிதம் பெண்கள். உலக சராசரி 5 சதவிகிதத்தை ஒட்டித்தான். திருவனந்தபுரம் அருகே கொச்சுத்துறை என்ற மீனவ கிராமத்தைச் சேர்ந்த ஜெனி ஜெரோம், 2021 மே மாதம் ஷார்ஜாவிலிருந்து திருவனந்தபுரத்துக்கு வந்த ஏர் அரேபியா விமானத்தில் துணை விமானியாக வந்து இறங்கினார். கடற்கரைப் பிள்ளைக்கு எட்டாத உயரம் என்று இனி யாரும் சொல்ல முடியாது.

வீட்டில் இருப்பவர்கள் செய்ய வேண்டியது

பணம் கட்டும் முன், பயிற்சிப் பள்ளியின் பெயர் டி.ஜி.சி.ஏ. இணையதளத்தில் உள்ள அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முதல் வகுப்பு மருத்துவப் பரிசோதனையைப் பயிற்சியில் சேரும் முன்பே முடித்துவிடுவது புத்திசாலித்தனம். பாதிக் காசு கட்டிய பிறகு உடல் தகுதி இல்லை என்று தெரிந்தால் தாங்க முடியாது. கண்ணாடி போட்டவர்களும் குறிப்பிட்ட வரம்புக்குள் தகுதி பெறலாம் என்பதால், அதற்காகக் கனவைக் கைவிட வேண்டியதில்லை. “இவ்வளவு கொடுத்தால் ஏர்லைன் வேலை கன்ஃபர்ம்” என்று யார் சொன்னாலும் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

உரிமம் வந்ததற்கும் நேர்காணல் அழைப்பு வருவதற்கும் நடுவே சில மாதங்கள், சில நேரம் ஒன்றிரண்டு வருடங்கள்கூட ஆகலாம். அந்தக் காலம்தான் கொடுமை. கடன் தவணை வந்துகொண்டே இருக்கும். தெருவில் போனால், “ஏலே, பிளேன் ஓட்டப் போறேன்னு சொன்னியே, என்னாச்சு?” என்று கேட்பார்கள். வீட்டிலும் அதையே தினமும் கேட்டால் பிள்ளை எங்கே போகும்? கேட்பதற்குப் பதில், சாயங்காலம் அரை மணி நேரம் எதிரே உட்கார்ந்து, புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்கலாம். அப்பாவுக்கு விமானம் தெரிய வேண்டியதில்லை. பிள்ளை சொல்லும் பதிலைக் கேட்டுவிட்டு, “ஏன்?” என்று இன்னொரு முறை கேட்டால் போதும்.

காற்று தெரியாத அப்பாவுக்கே புரியும்படி ஒரு பிள்ளை பக்கக்காற்றை விளக்கிவிட்டால், நேர்காணல் அறைக்குள் தைரியமாகப் போகலாம்.